மலைநாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு: தோல் ஆசனமா, செயற்கை ஸ்வேட் ஆசனமா?

நுவரெலியாவில் ஒரு மழைக்காலம் முழுவதும் அலுமாரிக்குள் கிடந்த தோல் சப்பாத்தை வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். கறுப்புச் சப்பாத்தின் மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் சாம்பல் பூத்தது போல வெண்பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். துடைத்தால் போய்விடும், ஆனால் சில நாளில் அதே தையலில் மீண்டும் தலைகாட்டும். அந்தச் சப்பாத்தும், பெருந்தொகை கொடுத்து வாங்கும் காரின் தோல் ஆசனமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

ஸ்போர்ட்ஸ் காரின் ஆசனத்தைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் வறண்ட குளிர்நாடுகளையோ கொழும்பின் வெக்கையையோ மனத்திற்கொண்டு சொல்லப்பட்டவை. றம்பொடை வளைவுகளில் மூடுபனிக்குள் ஏறி இறங்கி, இரவில் தகரக் கொட்டகையின் கீழ் நிற்கப்போகும் காருக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே நிறமும் அழகும் பிடிமானமும் பிறகு. கார் இரவில் எங்கே உறங்கப் போகிறது, அதற்குள் யார் நனைந்த உடையோடு ஏறப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் தெரிவைத் தொடங்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

முதற்படி: இரண்டும் என்ன பொருள் என்று அறிந்துகொள்வது

காரில் வரும் தோல் பெரும்பாலும் மாட்டுத் தோல். அதைப் பதனிட்டு, மேலே நிறப்பூச்சு ஏற்றி, அதற்கும் மேலே தெளிவான காப்புப் பூச்சொன்றைப் பூசியிருப்பார்கள். உங்கள் கை தொடுவது உண்மையில் அந்தப் பூச்சைத்தான். தேநீர் சிந்தினால் உடனே உள்ளே ஊறாமல் மேலே நிற்பதற்கும், ஈரத்துணியால் துடைத்ததும் சுத்தமாவதற்கும் காரணம் அதுவே. மிக விலையுயர்ந்த கார்களில் பூச்சு மெல்லியதாகவும், தொட்டால் மிருதுவாகவும் இருக்கும்; ஆனால் பூச்சு மெலிந்த அளவுக்குக் கறையும் ஈரமும் எளிதில் உள்ளே இறங்கும். விலை கூடிய தோல் மலைநாட்டுக்குக் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல வேளைகளில் நடுத்தரக் காரின் தடித்த பூச்சுத் தோலே இங்கே நன்றாக உழைக்கிறது.

உண்மையான ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து எடுப்பது. கார்களில் நாம் ஸ்வேட் என்று சொல்வது அநேகமாக அதுவன்று. மிருகத் தோல் ஒரு துளியும் சேராத செயற்கைப் பொருள். 1970 இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற ஆய்வாளர் இதை உருவாக்கினார். தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய பொலியெஸ்டர் இழைகளை இன்னொரு பிளாஸ்டிக்குக்குள் பொதிந்து நூற்று, பிறகு அந்த வெளிப்பொருளைக் கரைத்து நீக்கி, எஞ்சும் நுண்ணிழைகளைப் பொலியூரித்தேனால் பிணைத்து, மேற்பரப்பைத் தேய்த்துத் தும்பு எழச் செய்கிறார்கள். 1972 இல் அதே தொழில்நுட்பத்தோடு இத்தாலியில் அல்காந்தாரா நிறுவனம் தொடங்கியது. அதன் துணியில் ஏறத்தாழ 68 வீதம் பொலியெஸ்டர், 32 வீதம் பொலியூரித்தேன். டோரே விற்கும் அல்ட்ராஸ்வேட், மிகோ விற்கும் டினாமிக்கா, போர்ஷே தன் கார்களுக்குச் சூட்டியிருக்கும் ரேஸ்-டெக்ஸ் என்ற பெயர் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம் ஊர்களில் எல்லாவற்றுக்கும் ஸ்வேட் என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. அதில் பெரிய தவறில்லை, மலிவான போலிகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன என்பதைத் தவிர.

மூன்றாவதாக ரெக்சினும் அதன் உறவினங்களும் உள்ளன. துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய இவற்றைத் தோல் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நல்ல ரெக்சின் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மலிவான பொலியூரித்தேன் பூச்சுத் துணி நம் ஈரக் காற்றில் சில வருடங்களிலேயே சிதைந்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். வீட்டுச் சோபாவில் இதைக் கண்டவர்கள் பலர்.

இரண்டாம் படி: காரில் இருப்பது எது என்று உறுதிசெய்வது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் இன்று கைமாறும் ஸ்போர்ட்ஸ் கார்களில் வயதான கார்கள் நிறைய இருக்கின்றன. மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆகட்டும், டொயோட்டா 86 ஆகட்டும், ஆசனம் ஒருமுறை மாற்றித் தைக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடேயே பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால், அங்கே ஏலத்தில் விற்றபோது காரைப் பரிசோதித்து எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் உட்புறத்துக்கெனத் தனியாக ஏ, பி, சி என எழுத்தால் தரம் இடப்பட்டிருக்கும். அந்தத் தரம் கப்பலில் ஏறுவதற்கு முந்திய நிலையைத்தான் சொல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு கையால் பாருங்கள். தோலாயின் ஆசனத்தின் அடியில், உறை மடித்துச் சொருகப்பட்ட ஓரத்தைத் தேடுங்கள். வெட்டிய விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால் தோல். பின்புறம் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். தோல் ஆசனம் என்று குறிக்கப்பட்ட காரிலும் உடல் படும் முன்பக்கம் மட்டுமே தோலாகவும், பக்கங்களும் முதுகின் பின்புறமும் செயற்கையாகவும் இருப்பது சாதாரணம். அது மோசடியன்று. ஆகவே ஒரே இடத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், உட்காரும் இடத்தையும் பாருங்கள். ஸ்வேட்டாயின் உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவி, பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். நல்ல பொருளில் தும்பு சாயும் திசைக்கேற்ப நிறம் ஒரு படி கறுத்தும் வெளுத்தும் தோன்றும். தேய்ந்த இடத்தில் உள்ளிருந்து துணியின் நெசவு கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அது தும்பை ஒட்டிச் செய்த மலிவுச் சரக்கு. சாரதியின் ஆசனத்தில் கதவுப் பக்கத்து மேடுதான் முதலில் தேயும். அங்கே பார்த்தால் மற்ற இடங்களின் எதிர்காலம் தெரியும்.

மூன்றாம் படி: கார் உறங்கும் இடம்

இதுவே தெரிவைத் தீர்மானிக்கும் படி; அவசரப்பட வேண்டாம்.

மலைநாடு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் காற்று எங்கும் ஒன்றல்ல. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் தென்மேல் பருவ மழை மாதக்கணக்கில் ஓயாது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவே. மழை நின்றாலும் மூடுபனி உள்ளே வரும். அதே மாதங்களில் மலையின் மறுபுறத்தில் பண்டாரவளையும் வெலிமடையும் வெயிலும் காற்றுமாக உலர்ந்து கிடக்கும். கண்டி இவை எல்லாவற்றையும்விட வெப்பமானது. ஒரே கார், ஒரே ஆசனம், இந்த நான்கு இடங்களில் நான்கு விதமாக முதுமை அடையும்.

பூஞ்சணத்துக்குத் தேவை ஈரமான, அசையாத காற்றும் உணவும். தோல் தானே உணவாகும். அதில் புரதமும், பதனிடும்போது ஊட்டிய கொழுப்பும் உண்டு. செயற்கை ஸ்வேட்டின் இழைகள் அதற்கு நல்ல உணவல்ல. ஆனால் அந்த இழைகளுக்கிடையே தங்கும் வியர்வை, தலை எண்ணெய், பால் தேநீர், தூசு ஆகியவை நல்ல உணவு. ஆக இரண்டிலும் பூஞ்சணம் வரும். வித்தியாசம் வந்த பிறகுதான்: பூச்சுத் தோலில் அது மேற்பரப்பில் நின்று துடைக்கக் கிடைக்கும், ஸ்வேட்டில் தும்புக்குள் இறங்கி, மணமாகத் தங்கிவிடும். மறுபுறம், சுத்தமாக வைத்த ஸ்வேட்டில் அது வரவே பிந்தும். கவனிப்பவருக்கு ஸ்வேட் கருணை காட்டும்; கவனிக்காதவரைத் தோல் சில காலம் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே இப்படிப் பாருங்கள். கார் சுவரும் கதவும் உள்ள உலர்ந்த கராஜில் நிற்கும், கிழமைக்கு இரண்டு மூன்று முறையாவது ஓடும் என்றால் இரண்டில் எதையும் தெரியலாம். திறந்த கொட்டகையில் நின்று, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே போகும் என்றால், அதுவும் ஈரமான மேற்குச் சரிவில் என்றால், முழு ஸ்வேட் ஆசனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பண்டாரவளையும் வெலிமடையும் இருக்கும் ஊவாப் பக்கத்தில் வெயிலில் நிற்கும் காருக்குக் கவலை வேறு. அங்கே தோல் உலர்ந்து வெடிக்கும், கறுப்பு ஸ்வேட் பழுப்பாக வெளிறும். இரண்டுக்கும் கண்ணாடியில் வெயில் மறைப்பு இடுவதே மருந்து.

கூரை மடிக்கும் கார் வாங்குபவர்களுக்கு ஒரு தனிச் சொல். கூரையின் ஓரத்தில் விழும் மழைநீர் ஆசனத்தின் பின்னாலுள்ள சிறு குழாய்களின் வழியே வெளியேறுகிறது. சைப்பிரஸ் மரத்தடியில் நிறுத்தினால் அதன் இலைத்துகள் அக்குழாய்களை அடைத்துவிடும். நண்பர் ஒருவர் தன் காரின் ஸ்வேட் ஆசனம் மணக்கிறது என்று அழைத்தார்; ஆசனத்தில் கை வைத்தால் உலர்ந்தே இருந்தது. காலடிக் கம்பளத்தின் மூலையைத் தூக்கியபோது அடியிலிருந்த பஞ்சு கையில் பிழிபட்டுத் தண்ணீர் வழிந்தது. ஆசனத்தை எத்தனை முறை கழுவியிருந்தாலும் அந்த மணம் போயிருக்காது. எந்த ஆசனமானாலும் முதலில் கம்பளத்தின் கீழே பாருங்கள்.

நான்காம் படி: யார் ஏறுவார்கள், எப்படி ஏறுவார்கள்

தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைவாரும் வீட்டில் ஸ்வேட் ஆசனம் இருந்தால், தலை சாயும் இடத்தில் சில மாதங்களில் உள்ளங்கை அளவில் ஒரு பளபளப்பு தோன்றும். தும்புகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு படுத்துவிடுவதால் வருவது அது. தொடக்கத்திலேயே துடைத்தால் எழும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் தோல் போலவே வழவழப்பாகிவிடும். கோயிலுக்குப் போய் வரும் காரில் குங்குமம் சிந்தும். தோலில் அதை ஊதிவிட்டுத் துடைக்கலாம். ஸ்வேட்டில் ஈரக்கையோடு தொட்டால் சிவப்பு உள்ளே இறங்கிவிடும், ஆகவே உலர்ந்த நிலையிலேயே வெற்றிடத் தூசகற்றியால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

வயதானவர்கள் ஏறுவார்களானால் இதையும் எண்ணிப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் ஆசனம் தாழ்வானது. முதலில் விளிம்பில் அமர்ந்து, பிறகு வழுக்கி உள்ளே போக வேண்டும். தோலில் சேலை வழுக்கும். ஸ்வேட்டில் சேலை பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், சேலை திரும்பாது. என் அம்மா ஸ்வேட் ஆசனத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்தபடிதான் ஏறுவார். அவரைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போக வேறு வாகனம் இல்லாவிட்டால், இது சிறிய விஷயமல்ல.

குளிர் காலையில் நிலைமை மாறும். தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நாட்களில் தோல் ஆசனம் முதுகைச் சில்லிட வைக்கும். ஸ்வேட் அப்படிச் செய்வதில்லை. அதே கார் மதியம் கொழும்பில் வெயிலில் நின்றால், தோல் சுடும், முதுகு வியர்த்து ஒட்டும். துளையிட்ட தோல் ஓரளவு தாங்கும், ஸ்வேட் இன்னும் நன்றாகத் தாங்கும். மலைக்கும் தாழ்நிலத்துக்கும் அடிக்கடி போய் வருபவர்களுக்கு இது ஸ்வேட்டின் பக்கம் சாயும் கனமான காரணம்.

ஐந்தாம் படி: வளைவில் உட்கார்ந்து பார்ப்பது

ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல் வசந்தகாலத்தில் மகாகஸ்தோட்டையிலும் ரதெல்லையிலும் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும் நாட்டில் வளைவுக்குப் பஞ்சமில்லை. அனுமதித்த வேகத்துக்குள்ளேயே, அடுத்தடுத்து வரும் ஊசி வளைவுகளில், இடுப்பு எங்கே போகிறது என்று கவனியுங்கள். வழுக்கும் தோலில் அமர்ந்தவர் தன்னையறியாமல் இடது காலை ஊன்றியும், சுக்கானைப் பிடித்துத் தொங்கியும் உடலை நிறுத்துவார். ஸ்வேட்டில் ஆசனமே உடலைப் பிடித்துக்கொள்வதால் கைகள் சுக்கானைத் திருப்புவதற்கு மட்டுமே மிஞ்சும். ஒரு மணி நேர ஓட்டத்தின் பின் தோளில் தெரியும் வித்தியாசம் இது. ஆனால் பிடிமானத்தின் பெரும்பங்கு துணியால் வருவதல்ல, ஆசனத்தின் வடிவத்தால் வருவது. தொடையையும் விலாவையும் அணைக்கும் பக்கமேடு உங்கள் உடலுக்குப் பொருந்தாவிட்டால் ஸ்வேட் உங்களைக் காப்பாற்றாது.

என் தீர்ப்பு என்னவென்றால், உட்காரும் நடுப்பகுதியும் முதுகின் நடுப்பகுதியும் ஸ்வேட்டாகவும், பக்கமேடுகளும் தலை சாயும் இடமும் பூச்சுத் தோலாகவும் உள்ள கலப்பு ஆசனமே மலைநாட்டுக்கு ஏற்றது. பிடிக்க வேண்டிய இடத்தில் அது பிடிக்கும். உரசும் இடத்திலும் எண்ணெய் படும் இடத்திலும் துடைக்கக் கிடைக்கும். கலப்பு கிடைக்காமல் இரண்டில் ஒன்றுதான் என்றால், குடும்பத்தின் ஒரே காருக்குத் தோல். கராஜில் நிற்கும் இரண்டாவது காருக்கு ஸ்வேட். சுக்கானுக்கு மட்டும் எப்போதும் தோல்: ஸ்வேட் சுக்கான் கை வியர்வையில் சீக்கிரமே திரிந்து முடிச்சு முடிச்சாகிவிடுகிறது.

ஆறாம் படி: மாற்றித் தைக்க நினைத்தால்

குஷன் வேலை செய்யும் கடைக்குப் போகுமுன் ஆசனத்தின் பக்கவாட்டில் ‘எயார்பேக்’ என்ற சிறு பட்டி தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விபத்தின்போது அந்தப் பக்கத்துத் தையல் பிரிந்து, உள்ளே இருக்கும் காற்றுப்பை வெளியே வர வேண்டும். அதற்கென்றே குறித்த பலத்தில் பிரியும் நூலால் தைக்கப்பட்ட தையல் அது. அதன் மேல் வழமையான தடித்த நூலால் தைத்தாலோ, முழு ஆசனத்தையும் மூடும் உறை போட்டாலோ பை சரியான திசையில் விரியாது. அந்தப் பக்கத் துண்டைத் தொடாமல் நடுப்பகுதிகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஆசனத்தைக் கழற்றுமுன் பெற்றரியின் இணைப்பை நீக்கிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. பயணி ஆசனத்தின் உள்ளே ஆள் இருப்பதை உணரும் விரிப்பும், சில ஜப்பானியக் கார்களில் சூடேற்றும் கம்பியும் இருக்கும். ஊசி குத்தினால் அவை பழுதாகும்.

என் ஆசனங்களை ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தபோது நுரை போட்டு நன்றாக ஊற வைத்துத் தேய்த்திருந்தார்கள். மேலே பளிச்சென்று இருந்தது. ஆனால் ஆடி மழையில் உள்ளிருந்த ஸ்பொஞ்ச் இரண்டு கிழமையாகியும் உலரவில்லை. கடைசியில் உறையைப் பிரித்து ஸ்பொஞ்சைத் தனியே உலர்த்த வேண்டியதாயிற்று. எந்தக் கடையானாலும் ஆசனத்தை நனைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: முதல் மாதத்துப் பழக்கங்கள்

ஸ்வேட்டுக்கு மிருதுவான பிரஷால் அடிக்கடி தூசு தட்டலும், கிழமைக்கு ஒருமுறை நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடைத்தலும் போதும். இரவு முழுவதும் உலர விட்டு, காலையில் மீண்டும் பிரஷ் போட்டால் தும்பு எழும். அச்சிட்ட காகிதத் துவாயால் துடைக்க வேண்டாம். அதன் சாயம் ஏறிவிடும். தேநீர் சிந்தினால் அரை மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். முதலில் ஒற்றி எடுத்து, பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை பெரிதாகும். நிறம் எஞ்சினால் சிறிது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு நீர்த்துணியால் சாற்றை முழுவதும் எடுத்துவிடுங்கள். நீரை நேரே ஊற்றவே கூடாது.

தோலுக்கு மென்மையான தோல் துப்புரவுத் திரவமும் மிருதுவான துணியும் போதும். வீட்டுச் சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் காலப்போக்கில் பூச்சைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் பூசினால் தோல் பளபளக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பூச்சுத் தோல் எண்ணெயை உறிஞ்சாது. மேலே தங்கும் எண்ணெயில் தூசும் பூஞ்சணமும் குடியேறும்.

பூஞ்சணம் தெரிந்துவிட்டால் காரை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடையுங்கள். கராஜுக்குள்ளேயே தட்டினால் வித்துகள் கூரைத் துணியிலும் ஆசனப் பட்டியிலும் போய் அமரும். குளிராக இருந்தாலும் ஓடும்போது ஏசியைப் போடுங்கள். அது காற்றின் ஈரத்தை எடுத்து வெளியே சொட்டச் செய்யும். நனைந்த குடையையும் மழைக் கோட்டையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு கிழமைக்கு மேல் கார் நிற்கப் போகிறது என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஆசனத்தின் அடியில் வைத்து, அவை நிறம் மாறும்போது வெயிலிலோ மிதமான சூட்டில் அடுப்பிலோ உலர்த்தி மீண்டும் வையுங்கள். கிழமைக்கொருமுறை டோர்ச் லைட்டோடு போய், ஆசனத்தின் அடிப்பகுதியும் முதுகும் சந்திக்கும் மடிப்பைக் கையால் விரித்துப் பாருங்கள். அலுமாரிச் சப்பாத்தைப் போலவே காரிலும் பூஞ்சணம் முதலில் வருவது அந்த மடிப்பில்தான்.